மூக்கறுந்த டேப்பில் முப்பது மீட்டர்

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் மற்றவர்களுடையதைச் சொல்ல எனக்கு வாய் வரும். ஒரு டேப்பைக் கையில் எடுத்தால் அது பூஜ்யத்தில் ஆரம்பிக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை பார்க்கும். விலங்கியலில் பட்டம் வாங்கி, வெள்ளைக் கோட்டு மாட்டி, பழுதான இதயத்தைச் சரிசெய்யும் ஆராய்ச்சியில் உதவியாளர் என்று கழுத்தில் அட்டையும் தொங்கவிட்டுக்கொண்டிருந்த நான் பார்க்கவில்லை. அந்த டேப் இப்போது அரியலூரில் நான் வேலை பார்க்கும் டைல்ஸ் கடையில், என் நாற்காலிக்குப் பின்னால் ஓர் ஆணியில் தொங்குகிறது. மஞ்சள் துணி டேப். பதினைந்து மீட்டர் என்று உறையின் மேல் எழுதியிருக்கும். இழுத்தால் முதலில் வெளியே வருவது பூஜ்யம் அல்ல, ஒன்றரை. அதற்கு முந்தைய துண்டு எந்தக் கட்டடத்திலோ எந்தக் கம்பியிலோ சிக்கி அறுந்து போய்விட்டது. கடைக்கு வருகிறவர்கள் அது எதற்கு என்று கேட்டால், "அதாங்க நான் கண்டுபிடிச்ச இருதய மருந்து" என்பேன். சிரிப்பார்கள். உண்மையைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள் என்பது என்னைப் போன்றவர்களுக்கு ஒரு வசதி.

பெரம்பலூரில் நெடுஞ்சாலையை ஒட்டியிருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரியில்தான் அந்த ஆராய்ச்சி நடந்தது. நடத்தியவரை நாங்கள் பெரிய டாக்டர் என்போம். ஆள் குள்ளம்தான். பெரிய என்பது அவருடைய படத்தின் அளவைக் குறிக்கும். ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தவுடன் லிப்டுக்குப் பக்கத்தில், கையைக் கட்டிக்கொண்டு, வானத்தில் எதையோ கண்டுபிடித்துவிட்ட பார்வையோடு நிற்பார். மேசையில் பிளாஸ்டிக் இதயம் ஒன்று வைத்திருப்பார். நோயாளி வந்து உட்கார்ந்ததும் அதை இரண்டாகப் பிரித்துக் காட்டி, "இருதயங்கிறது ஒன்னுமில்ல, ஒங்க வயல்ல இருக்குற பம்ப்செட்டு மாதிரி" என்று தொடங்குவார். வெங்காயம் போடுகிறவருக்கும் மக்காச்சோளம் போடுகிறவருக்கும் பாவம், அதே பம்ப்செட்தான். ஒருவர் மட்டும், "பம்ப்செட்டா இருந்தா நானே கழட்டிப் பாத்துருப்பேனே, ஒங்ககிட்ட எதுக்கு வரேன்?" என்று கேட்டார். அவரைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

யோசனையை நான் பழிக்கவில்லை. மாரடைப்பில் செத்துப்போன இதயத் தசை திரும்ப முளைக்காது. அந்த இடம் தழும்பாகி, மிச்சமிருக்கும் தசை சக்திக்கு மீறி உழைத்து மெல்ல மெல்லத் தளரும். அந்தத் தழும்பில் மறுபடி உயிர் வருமா என்று உலகத்தில் எத்தனையோ பேர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுகிறார்கள். எங்கள் ஆஸ்பத்திரியில் இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை எடுத்து, அதிலுள்ள செல்களைப் பிரித்து, தொடை வழியாக ஒரு குழாயை விட்டு இதயத்தின் ரத்தக் குழாயில் செலுத்தினார்கள். பலன் தெரிய வேண்டுமே, அதற்கு ஒரு சோதனை: நடை. ஆறு நிமிடம். முப்பது மீட்டர் வராந்தாவின் இரு முனையிலும் ஒவ்வொரு ஆரஞ்சுக் கூம்பு. நோயாளி போய்ப் போய்த் திரும்ப வேண்டும். மூச்சு வாங்கினால் சுவரைப் பிடித்து நிற்கலாம். எத்தனை மீட்டர் நடந்தார் என்பதைக் குறித்துக்கொள்வது. செல்லைச் செலுத்தும் முன்பு ஒருமுறை, ஆறு மாதம் கழித்து ஒருமுறை. கூடியிருந்தால் இதயம் தேறியிருக்கிறது. இத்தனை பெரிய விஞ்ஞானத்தின் கடைசிக் கண்ணியில், ஒரு நிறுத்துக் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். சினிமாவில் கதாநாயகனுக்குக் குடை பிடிக்கிறவன் தன்னையும் நடிகன் என்று நினைத்துக்கொள்வதைப் போலத்தான் நானும் நினைத்துக்கொண்டேன். எங்கள் தெருவில் என்னை டாக்டர் என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். நான் மறுக்கவில்லை. இருமலுக்கு மருந்துகூடச் சொல்லியிருக்கிறேன்.

பம்ப்செட்டைக் கழற்றத் தெரிந்தவர் விக்கிரமங்கலத்துக்காரர். நில அளவைத் துறையில் செயின்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். சர்வேயர் நிழலில் நின்று குறிப்பெழுத, வெயிலில் சங்கிலியை இழுத்துக்கொண்டு வரப்பு வரப்பாக நடப்பவர்தான் செயின்மேன். முப்பது வருடம் அப்படி நடந்தவர். அவருடைய அப்பா பிறர் நிலத்தில் கூலிக்கு இறங்கியவர். மகன் அதே நிலங்களைச் சங்கிலியால் அளந்தார். அதை ஒரு நாள் சொல்லிவிட்டு, "யாரு நெலமா இருந்தாலும் சங்கிலி ஒரே நீளந்தான் சார்" என்று முடித்தார். நெஞ்சு வலி வந்தபோது வாயு என்று நினைத்து, இரண்டு நாள் ஓமத் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் வந்து சேர்ந்தார். அதற்குள் இதயத்தின் முன்பக்கச் சுவரில் ஒரு துண்டு போய்விட்டது.

முதல் நடை பழைய கட்டடத்தில் நடந்தது. அந்த வராந்தாவை ஆஸ்பத்திரி எஞ்சினியர் ஸ்டீல் டேப் வைத்து அளந்து, தரையில் பெயிண்ட் அடித்திருந்தார். செயின்மேன் சட்டைக் கையை மடித்துவிட்டு நடந்தார். நோயாளியிடம் நாங்கள் எது வேண்டுமானாலும் பேசிவிட முடியாது; நிமிடத்துக்கு ஒருமுறை, "நல்லா நடக்குறீங்க, இன்னும் நாலு நிமிஷம் இருக்கு" என்று எழுதிக் கொடுத்ததைச் சொல்ல வேண்டும். நான் சொன்னேன். அவர் திரும்பிப் பார்த்து, "நல்லா நடந்தா இங்க எதுக்கு சார் வரேன்? தப்பா சொல்றீங்க" என்றார். பத்து தடவை போய்ச் சேர்ந்தார். முந்நூறு மீட்டர். மூச்சு வாங்க உட்கார்ந்தவர் உதட்டை அசைத்து ஏதோ எண்ணிக்கொண்டிருந்தார். சாமி பெயர் சொல்கிறார் என்று நினைத்தேன். காலடியை எண்ணியிருக்கிறார்.

அடுத்த சில மாதங்களில் ஆராய்ச்சிப் பிரிவு புதுக் கட்டடத்துக்கு மாறியது. திறப்பு விழா அவசரம். எஞ்சினியர் ஏசி மாட்டுவதில் இருந்தார். பெரிய டாக்டர் என்னிடம், "நீயே ஒரு முப்பது மீட்டர் அளந்து போட்டுருப்பா, பெரிய ராக்கெட்டா அது" என்றார். முப்பது மீட்டரை அவர் சொன்ன விதத்தில் எனக்கும் அது சின்ன விஷயமாகத்தான் பட்டது. அங்கே தளம் பூசிக்கொண்டிருந்த கொத்தனாரிடம் டேப்பைக் கேட்டேன். தூக்கிப் போட்டார். முனையைச் சுவரோரம் வைத்து, சிமெண்ட் சட்டியை அதன் மேல் ஏற்றி, பதினைந்து வரை இழுத்துச் சாக்பீஸால் கோடு. அங்கிருந்து இன்னொரு பதினைந்து. முடிந்தது முப்பது. கூம்பை வைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்துப் பெருமைப்பட்டேன். சாயங்காலம் டேப்பைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது கொத்தனார் வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கேட்டார்: "மூக்கு அறுந்த டேப்பு சார் அது. ஒன்னரை மீட்டர் கழிச்சீங்கல்ல? எங்காளுங்க எல்லாம் கழிச்சுத்தான் போடுவாங்க."

அந்த இடத்தில் ஒரு மனிதன் என்ன செய்வான்? தலையில் அடித்துக்கொண்டு ஓடிப்போய் மறுபடி அளப்பான். நான், "ஆமாமா, கழிச்சேன், கழிச்சேன்" என்றேன். கொத்தனார் முன்னால் வெள்ளைக் கோட்டுப் போட்டவன் அசடு வழியலாமா? "புதுசு வாங்கிட்டேன், நீங்களே வெச்சுக்கங்க" என்று டேப்பை என்னிடமே விட்டுவிட்டார். நாளைக்கு மாற்றிவிடலாம் என்று அதை மேசை இழுப்பறையில் போட்டேன். மறுநாள் விழா. அதற்கு மறுநாள் கூம்புக்குக் கீழே எஞ்சினியரின் ஆட்கள் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். பெயிண்ட் காய்ந்துவிட்டால் என் மாதிரி ஆளுக்கு அது வேத வாக்கு. இருபத்தேழு மீட்டர் வராந்தா முப்பது என்று பெயர் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

பிறகு அதிசயங்கள் நடக்க ஆரம்பித்தன. ஆறு மாதம் முடிந்து வந்தவர்கள் எல்லோரும் தேறியிருந்தார்கள். பத்து தடவை போனவர் பதினொன்று போனார். எட்டு போனவர் ஒன்பதைத் தொடப் பார்த்தார். வராந்தாவின் நீளம் குறைந்தால் போகிற தடவை கூடும் என்பதை எனக்கு விளக்க ஒரு ஆடு போதும். நானோ இழுப்பறையைத் திறக்காமல் இருப்பதில் கவனமாக இருந்தேன். பெரிய டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. செல் போடாத நோயாளிகள் சிலரையும் இதே போல முன்னும் பின்னும் நடக்கவிட்டு ஒப்பிட வேண்டாமா என்று, சென்னையிலிருந்து வந்த ஒரு இளம் டாக்டரம்மா கேட்டார். அப்படி நடக்கவிட்டிருந்தால் அவர்களும் சொல்லி வைத்தாற்போலத் தேறியிருப்பார்கள். குட்டு அன்றைக்கே வெளிப்பட்டிருக்கும். "அதெல்லாம் அடுத்த கட்டத்துலம்மா" என்றார் பெரிய டாக்டர். தேறிய நோயாளிகளை வரிசையாக நிற்கவைத்துச் சால்வை போர்த்தி ஒரு படம் எடுத்தார்கள். அதில் ஓரத்தில் நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். இன்றைக்கும் அதைப் பார்த்தால் எனக்கு அந்தப் பல்லின் மேல்தான் கோபம் வரும்.

செயின்மேனும் பதினொரு தடவை போனார். முந்நூற்று முப்பது சொச்சம். ஆனால் சால்வையை மடித்துப் பையில் வைத்துவிட்டு, படத்துக்கு நிற்காமல் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

இரண்டு வாரம் கழித்துத் தன் மகளோடு வந்தார். மீன்சுருட்டியில் கட்டிக் கொடுத்த பெண். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டி, அரசு ஆஸ்பத்திரியில் பார்த்ததில் இதயம் பலவீனமாகி விரிந்திருக்கிறது என்றார்கள். மாத்திரை கொடுத்து, விடாமல் சாப்பிட்டால் பலருக்குத் தானாகவே தேறிவிடும், மாதாமாதம் வந்து காட்டு என்று சொல்லியிருந்தார்கள். கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தது அந்தப் பெண். பெரிய டாக்டர் பிளாஸ்டிக் இதயத்தைப் பிரிக்கக்கூட இல்லை. நேராகத் தகப்பனாரின் காகிதத்தையே எடுத்துக் காட்டினார். "ஒங்கப்பாவே சாட்சி. அடுத்த திங்கக்கெழமை வந்து சேர்ந்துரும்மா. மாத்திரைய நம்பி எத்தன நாள் ஓட்டுவ?" இடுப்பில் ஊசி, தொடையில் குழாய், அதுவும் ஏற்கெனவே தள்ளாடும் இதயத்துக்குள். இதற்கெல்லாம் ஆதாரம் அவளுடைய அப்பா கூடுதலாக நடந்ததாக நான் எழுதிய முப்பது சொச்சம் மீட்டர்.

வெளியே வந்ததும் செயின்மேன் மகளை பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு என்னிடம் வந்தார். அவர் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

"சார், பழைய வராண்டாவுல எனக்கு ஒரு தடவைக்கு அம்பது காலடி வந்துச்சு. இங்க நாப்பத்தஞ்சுதான் வருது."

"காலடி நீண்டுருச்சுங்க. ஒடம்பு தேறிடுச்சுல்ல" என்றேன்.

"நானும் அப்படித்தான் சார் நெனச்சேன். ஆசையாத்தான் இருந்துச்சு. வூட்டுலேருந்து போர் கெணறு வரைக்கும் நடந்து பாத்தேன். அங்க காலடி அப்படியே இருக்கு, ஒன்னு கொறையல. நடுவுல நிக்கிற அதே வேப்பமரத்துலதான் இன்னும் நின்னு மூச்சு வாங்குறேன்." பிறகு மெதுவாகக் கேட்டார்: "இது முப்பது மீட்டர்தானே சார்? எம் பொண்ண இதுல விடப் போறேன். நெசத்த சொல்லுங்க."

இழுப்பறை ஐந்தடி தூரத்தில் இருந்தது. ஒரு வார்த்தை போதும். என் வாயிலோ எப்போதும் வேடிக்கைதான் முதலில் வரும். பயந்தால் இரண்டு மடங்கு வரும். "ஏங்க, வேலைய விட்டு இத்தன வருஷமாகியும் ஒங்களுக்கு அளக்குற புத்தி போகலையா? ஆஸ்பத்திரிக்கும் பட்டா எடுக்கப் போறீங்களா?" என்றேன். நானே சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பெஞ்சிலிருந்த மகள்தான், "அப்பா, ஒங்க காலடிய வெச்சு எனக்கு நாள் குறிக்காதீங்க. வாங்க, பஸ் போயிரும்" என்றாள். நடக்கும்போது ஒவ்வொரு தூணிலும் கை வைத்துக்கொண்டே போனாள்.

வெள்ளிக்கிழமை காலை, புறநோயாளிகள் கூட்டம் நிரம்பியிருந்த நேரத்தில் செயின்மேன் தனியாக வந்தார். கையில் மஞ்சள் பை. அதிலிருந்து வட்டமான தோல் உறை ஒன்றை எடுத்தார். உள்ளே முப்பது மீட்டர் ஸ்டீல் டேப். எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்தார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. நுனியிலிருந்த வளையத்தை என் கையில் கொடுத்து, "புடிங்க சார். கோட்டுல வையுங்க. கை நவுறக் கூடாது" என்றார். அளக்க இரண்டு பேர் வேண்டும் அல்லவா, அதற்கு என்னைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார். குனிந்து வளையத்தைப் பெயிண்ட் கோட்டின் மேல் வைத்துப் பிடித்தேன். அந்த ஆராய்ச்சியில் நான் செய்த ஒரே யோக்கியமான வேலை அது ஒன்றுதான். அதையும் குந்தியபடி செய்தேன். அவர் டேப்பைத் தளரவிடாமல் மெல்ல இழுத்துக்கொண்டே போனார். பாதியில் நின்று மூச்சு வாங்கினார். ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, "என்னப்பா, ஆஸ்பத்திரிய பாகம் பிரிக்கிறீங்களா?" என்று கேட்டது. மறு முனைக் கோட்டுக்குப் போய்க் குனிந்து படித்தார். திரும்பி வந்து, என்னை மறு முனைக்குப் போய் வளையத்தைப் பிடிக்கச் சொல்லி, அங்கிருந்து இன்னொரு தரம் அளந்தார். அது அவர்கள் வழக்கம்; போன கோட்டிலேயே திரும்பி வந்து சரிபார்க்காமல் புத்தகத்தில் எழுத மாட்டார்கள்.

"இருபத்தேழு" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி.

அறையிலிருந்து பெரிய டாக்டர் வெளியே வந்தார். "என்ன நடக்குது இங்க?" என்று என்னைக் கேட்டார். செயின்மேன்தான் பதில் சொன்னார். "மூணு மீட்டர் கொறையுதுங்க. நாங்க யாரும் தேறலைங்க. ஒங்க வராண்டாதான் சுருங்கிப் போச்சு." பெரிய டாக்டர் முகத்தில் எதுவும் அசையவில்லை, அதுதான் படிப்பு. "பெரியவரே, மனசுக்குத் தெம்பா இருக்குல்ல? அதுதான் முக்கியம். ரெண்டு மீட்டர் மூணு மீட்டர்லயா உசுரு இருக்கு?" என்றார். "எங்க வேலையில ஒரு மொழம் தப்பா போட்டா அண்ணன் தம்பி வெட்டிக்குவாங்க சார்" என்றார் இவர், டேப்பைத் துடைத்துச் சுற்றிக்கொண்டே. "எம் பொண்ணு வரமாட்டா." அப்போதுதான் எனக்குத் தைரியம் வந்தது. எல்லாம் முடிந்த பிறகு வரும் தைரியம். "சார், அது மூக்கு அறுந்த டேப்பு சார். எனக்கு முன்னாடியே தெரியும்" என்று சொல்லி இழுப்பறையைத் திறந்து அதை எடுத்துக் காட்டினேன். பெரிய டாக்டர், "ஒன்ன யாரு கேட்டா?" என்றார். நியாயமான கேள்வி. கேட்டவர் மூன்று நாளைக்கு முன்பே கேட்டிருந்தார்.

செயின்மேன் டேப்பை வாங்கிப் பார்த்தார். அறுந்த நுனியைக் கட்டைவிரலால் தடவினார். பிறகு என்னைப் பார்த்தார். அதுவரை சார், நீங்க, வாங்க என்றுதான் பேசியிருக்கிறார். "தெரிஞ்சுமா இருந்த?" என்றார். சார் அத்தோடு போய்விட்டது. வெள்ளைக் கோட்டும் அந்த வாரமே போனது, அதற்காக யாரும் வருத்தப்படவில்லை.

அந்த இளம் டாக்டரம்மாவுக்கு நடந்ததை முழுக்க எழுதி அனுப்பினேன். அவர் மேலிடத்தில் கேள்வி எழுப்ப, கணக்கை மறுபடி போட்டார்கள்; தேறியவர்கள் எல்லோரும் ஒரே மத்தியானத்தில் பழைய நிலைக்குத் திரும்பினார்கள். மற்றவனாக இருந்தால் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு போயிருப்பான். பெரிய டாக்டர், இந்தச் சிகிச்சையால் யாருக்கும் கெடுதல் இல்லை என்று நிரூபித்துவிட்டதாக இன்னொரு மேடையில் பேசி, இன்னொரு சால்வை வாங்கிக்கொண்டார். ஒன்றும் நடக்கவில்லை என்பதையே சாதனையாக விற்கத் தெரிந்தவரை என்ன செய்ய முடியும்? லிப்டுக்குப் பக்கத்தில் படம் இன்னும் இருக்கிறதாம். கொஞ்சம் பெரிதாக்கியிருக்கிறார்களாம். எனக்கு அவரைப் பற்றிப் பேச நாக்கு கூசவில்லை. ஆனால் அவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. பொய் அவருடையது என்று நான் எத்தனை தடவை சொன்னாலும், அதன் முதல் ஒன்றரை மீட்டர் என்னுடையது.

போன மாதம் மத்தியானம், சிமெண்ட் லாரிகள் கிளப்பிய புழுதிக்குக் கடைக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தேன். செயின்மேன் வந்தார். முடி முழுக்க வெளுத்திருந்தது. பின்னால் மகள், தோளில் துணிப் பை, கையில் ஒரு பையனைப் பிடித்துக்கொண்டு. மீன்சுருட்டியில் வீடு கட்டுகிறார்களாம். எங்கள் கடையில் நல்ல டைல்ஸ் எல்லாம் மாடியில். அந்தப் பெண் எங்கும் நிற்காமல், கைப்பிடியைத் தொடாமல் இருபது படியும் ஏறி, மேலேயிருந்து, "அப்பா, நீங்க கீழேயே இருங்க, நான் பாத்துட்டு வரேன்" என்று குரல் கொடுத்தாள். மாத்திரையை இரண்டு வருடம் விடாமல் சாப்பிட்டாளாம். இதயம் பழைய அளவுக்கு வந்துவிட்டதாக அரசு ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்களாம். இவருக்கு வேப்பமரம் வரைக்கும்தான் என்பதில் மாற்றமில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டேன். டீ வந்தது. அவர் பார்வை ஆணியில் தொங்கிய மஞ்சள் டேப்பில் போய் நின்றது. வழக்கம்போல வாய் முந்திக்கொண்டது.

"பாத்தீங்களாய்யா, இன்னும் பத்திரமா வெச்சுருக்கேன். என்ன இருந்தாலும் அன்னிக்கு டாக்டர் முன்னாடி நான் உண்மைய சொன்னதாலதானே ஒங்க பொண்ணு தப்பிச்சுது?"

டீயை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்.

"நீ சொல்லல, நான் அளந்தேன்."